பழைய டீசல் பிக்கப்: எஞ்சின் வெப்பத்தையும் ஆயில் அழுத்தத்தையும் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் சரக்கு வாகனத்துக்குச் சட்டப்படி 20 ஆண்டுதான் ஆயுள். பத்தாவது ஆண்டில் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்கப் பெருந்தொகை கட்டியவர், மிச்சக் காலத்துக்கும் அதே எஞ்சின் உழைக்கும் என்று நம்பித்தான் கட்டுகிறார். பத்து வயதைக் கடந்த வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறது. அங்கே பிரேக், விளக்கு, புகை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். எஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்பதை அங்கே யாரும் அளப்பதில்லை. அதை வண்டிக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து விடியுமுன் தேக்காவுக்குக் காய்கறி ஏற்றி வருபவருக்கும், துவாஸுக்கு ஆட்களையும் கருவிகளையும் ஏற்றிச் செல்லும் சிறு குத்தகையாளருக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், நவாரா, எல்200 போன்ற டீசல் பிக்கப்புகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஹையேஸ் வேனுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: டாஷ்போர்டு என்ன சொல்கிறது, எப்போது சொல்கிறது

வெப்பமானியின் முள் நடுவில் நிற்பதைப் பார்த்து நிம்மதியாக ஓட்டுகிறோம். அந்த முள்ளைத் தயாரிப்பாளரே வேண்டுமென்று மந்தமாக்கி வைத்திருக்கிறார். பல ஜப்பானிய வண்டிகளில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 75 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியை நெருங்கினாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். கொஞ்சம் ஏறினாலே பயந்துபோய் வாடிக்கையாளர் பட்டறைக்கு ஓடிவரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முள் அசையத் தொடங்கும்போது பிரச்சினை பாதித் தூரம் வந்துவிட்டது என்று பொருள்.

ஆயில் விளக்கு இதைவிட மோசம். அதன் பின்னால் இருப்பது அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது, வெறும் சுவிட்ச். அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இறங்கிய பிறகுதான் பெரும்பாலான சுவிட்சுகள் விளக்கை எரியவிடும். விரைவுச்சாலையில் பாரத்தோடு போகும் எஞ்சினுக்கு 3 பார் தேவைப்படும் நேரத்தில் அது 1 பாராகக் குறைந்திருந்தாலும் விளக்கு வாய் திறக்காது. அது சிவப்பாக எரியும்போது பேரிங்குகள் ஏற்கெனவே உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டிருக்கலாம். இந்த விளக்கு நோயைச் சொல்வதில்லை, மரணத்தைத்தான் அறிவிக்கிறது.

இரண்டாம் படி: அளப்பதற்கு முன் அடிப்படையைச் சரிசெய்யுங்கள்

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டுப்போயிருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். மூடி சாதாரணமாக 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தாங்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. குழாய் நீரை மட்டும் ஊற்றி ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். துருவும் படிவும் ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டை மட்டும் ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருப்பதை வைத்து இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு. “இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு?” என்று கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. இது தவறான வைத்தியம். பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பகுதிதான், எஞ்சின் சூடானதும் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். பாரம் இல்லாமல் ஓடும்போது எஞ்சின் தேவைக்கும் குறைவான சூட்டில் இருக்கும், பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகும். 65 டிகிரியிலேயே ஓடும் டீசல் எஞ்சினும் நலமாக இருக்காது. எரிபொருள் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். கையேட்டில் உள்ள அதே வெப்பநிலையில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை, பெரும்பாலும் 76 அல்லது 82 டிகிரி, வாங்கிப் பொருத்திய பிறகு மேற்கொண்டு படியுங்கள்.

ஆயிலும் ஃபில்ட்டரும் புதிதாக இருக்கட்டும். குளிர்காலமே இல்லாத ஊரில் பழைய டீசலுக்கு 15டபிள்யூ-40 பொருத்தமானது. உங்கள் கையேடு வேறு சொன்னால் கையேட்டைப் பின்பற்றுங்கள். பழைய ஆயிலை வைத்து அளந்த எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது.

மூன்றாம் படி: என்னென்ன வாங்குவது

மூன்று அளவுகள் வேண்டும்: கூலன்ட் வெப்பம், சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) உலோகத்தின் வெப்பம், ஆயில் அழுத்தம். பணம் இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால் ஹெட் உலோக வெப்பத்தையும் ஆயில் அழுத்தத்தையும் தேர்ந்தெடுப்பேன். கூலன்ட் சென்சாருக்குத் தன்னைச் சுற்றித் திரவம் இருந்தாக வேண்டும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் கொட்டிவிட்டால் சென்சார் காற்றில் நின்றுகொண்டு குறைந்த வெப்பத்தைக் காட்டும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்குவது இதனால்தான். ஹெட்டில் போல்ட்டால் இறுக்கிய சென்சாருக்கு இந்தக் குறை இல்லை. திரவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உலோகத்தின் சூட்டையே சொல்லும்.

2005 முதல் வந்த டி-4டி வகை ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில், கணினிச் சோதனைக்கான துளையில் ஒரு சிறு புளூடூத் கருவியைச் செருகிக் கூலன்ட் வெப்பத்தைக் கைப்பேசியில் பார்க்கலாம். மலிவான வழி, நல்ல வழி. ஆனால் அதில் ஆயில் அழுத்தம் வராது, ஏனென்றால் அந்த எஞ்சின்களின் கணினிக்கே அது தெரியாது. அதற்கும் முந்திய 2எல், 5எல் போன்ற எஞ்சின்களுக்கு எல்லாவற்றையும் தனியாகத்தான் பொருத்த வேண்டும்.

ஓசை எழுப்பாத மீட்டரை வாங்காதீர்கள். பேருந்துகளுக்கும் மோட்டார்சைக்கிள்களுக்கும் நடுவே ஓட்டும்போது யாரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடி இறக்கிய டீசல் வண்டிக்குள்ளும் காதில் விழும் அளவுக்கு அலாரம் உரக்க ஒலிக்க வேண்டும். பிக்கப்புகள் 12 வோல்ட். லாரிகள் சில 24 வோல்ட். அவற்றில் 12 வோல்ட் மீட்டரை மாட்டினால் அன்றே கருகிவிடும்.

நான்காம் படி: வெப்ப சென்சாரைப் பொருத்துவது

ஹெட்டுக்கான சென்சார் பெரும்பாலும் போல்ட்டுக்கு அடியில் நிற்கும் வளையமாக வரும். ஹெட்டை இறுக்கும் முதன்மைப் போல்ட்டுகளைத் தொடவே தொடாதீர்கள். ஹெட்டின் பின்பகுதியில் தூக்குக் கொக்கியையோ வேறு தாங்கியையோ பிடித்திருக்கும் சிறு போல்ட் ஒன்றைத் தேடுங்கள். வாட்டர் பம்ப் முன்னால் இருப்பதால் அதிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பின்பகுதிதான். எக்ஸாஸ்ட், டர்போ இருக்கும் பக்கத்தைத் தவிருங்கள். அங்கே வரும் அளவு எஞ்சினைப் பற்றியதாக இருக்காது.

கூலன்ட் சென்சாருக்கு மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவில் வைக்கும் இணைப்புக் குழாய் கிடைக்கிறது. வேலை எளிது. ஆனால் தெர்மோஸ்டாட் ஹெட்டை ஒட்டி மேல் ஹோஸின் வாயில் இருக்கும் எஞ்சின்களில், அது திறந்த பிறகுதான் அந்த ஹோஸுக்குச் சூடு வரும். ஹெட்டிலேயே பயன்படாமல் மூடிக் கிடக்கும் துளை இருந்தால் அதுவே மேல். ஹோஸில்தான் வைக்கிறீர்கள் என்றால், ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை மறக்காதீர்கள்: ஒற்றைக் கம்பி சென்சாராக இருந்தால் இணைப்புக் குழாயிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக எர்த் கம்பி இழுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆயில் அழுத்த சென்சாரைப் பொருத்துவது

இது பொறுமை கேட்கும் வேலை. விளக்குக்கான சுவிட்ச் எஞ்சின் பிளாக்கில், பெரும்பாலும் ஆயில் ஃபில்ட்டருக்கு அருகே இருக்கும். அதைக் கழற்றிய துளையில்தான் சென்சாருக்கும் இடம்பிடிக்க வேண்டும்.

முதல் ஆபத்து மரையில். ஜப்பானிய எஞ்சின்களில் இந்தத் துளை பெரும்பாலும் எட்டில் ஒரு பங்கு அங்குல பிஎஸ்பிடி மரை. அங்குலத்துக்கு 28 சுற்று. சந்தையில் கிடைக்கும் பல சென்சார்கள் அமெரிக்க என்பிடி மரை; அங்குலத்துக்கு 27 சுற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டு மூன்று சுற்று தாராளமாக உள்ளேயும் போகும். அதற்குமேல் முரண்டு பிடிக்கும்போது பலம் கொடுத்துத் திருகினால் பிளாக்கின் மரை சிதையும், அல்லது ஆயில் கசியும். சரியான மாற்று இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

இரண்டாவது ஆபத்து அதிர்வு. பித்தளை டி-இணைப்பை நேராகப் பிளாக்கில் மாட்டி, அதன் மேல் கனமான சென்சாரைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. நான்கு சிலிண்டர் டீசலின் அதிர்வில் அந்தப் பித்தளை ஒருநாள் கழுத்தோடு ஒடியும். ஒடிந்தால் பம்ப் எஞ்சினின் ஆயிலையெல்லாம் சாலையில் கொட்டிவிடும். ஆயில் அழுத்தத்தைக் காக்க மாட்டிய கருவியே எஞ்சினைக் கொல்லும். எஃகுப் பின்னல் போர்த்திய குறுகிய ஹோஸ் ஒன்றைப் பிளாக்கிலிருந்து எடுத்து, வண்டியின் உடலில் இறுக்கிய சிறு இணைப்புக் கட்டையில் சுவிட்சையும் சென்சாரையும் மாட்டுவதே சரியான முறை. பழைய சுவிட்சைத் தூக்கிப்போட வேண்டாம். புது மீட்டர் பழுதானாலும் சிவப்பு விளக்காவது மிஞ்சும்.

ஒற்றைக் கம்பி சென்சார்களுக்கும் சுவிட்சுக்கும் உடலே எர்த். மரையில் டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அந்தத் தொடர்பு அறுந்து மீட்டர் தப்பாகக் காட்டும். திரவ வடிவிலான மரைப் பசை சிறிதளவு போதும். ஹோஸ் வழியாக மாட்டியிருந்தால் இணைப்புக் கட்டைக்கும் எர்த் கம்பி தேவை. மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் இணைப்பிலிருந்து சிறு ஃபியூஸ் வழியாக எடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் இந்த வேலைக்கு உரிய இடம் இல்லை. காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ தெரிந்த பட்டறையில், ஆயில் மாற்றும் நாளோடு சேர்த்துச் செய்துகொண்டால் வடியும் ஆயிலுக்கும் வழி பிறக்கும். பட்டறைக்காரரிடம் மரையைப் பற்றியும் ஹோஸைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்; கையிலிருப்பதை மாட்டிவிட்டுப் போக அவருக்கும் ஆசை வரும்.

ஆறாம் படி: புது மீட்டரையும் சந்தேகியுங்கள்

பொருத்துவதற்கு முன் வெப்ப சென்சாரைக் கொதிக்கும் நீரில் நனையுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் இங்கே நீர் 100 டிகிரியிலேயே கொதிக்கிறது. ஒற்றைக் கம்பி சென்சாரானால் அதன் உடலிலிருந்து எர்த் கொடுத்துவிட்டுச் சோதியுங்கள். மீட்டர் 97 காட்டினால் மூன்று டிகிரி குறைவு என்று எழுதி ஒட்டிவிடலாம். 88 காட்டினால் திருப்பிக் கொடுங்கள். ஆயில் அழுத்தத்துக்குப் பட்டறையில் இருக்கும், கம்பியே இல்லாத இயந்திர மீட்டரை ஒருமுறை மாட்டி இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

ஏழாம் படி: உங்கள் எஞ்சினின் இயல்பை எழுதி வையுங்கள்

“எத்தனை பார் இருக்க வேண்டும்?” என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பட்டறை வழக்கில், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. பழைய டொயோட்டா எல் வரிசை எஞ்சின்களுக்கு, சூடான நிலையில் ஐடிலிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) குறைந்தது 0.3 பார், 3,000 சுற்றில் 2.5 பாருக்கு மேல் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஐடிலிங்கில் 0.3 பார் என்பது விளக்கு எரியும் எல்லையிலேயே நிற்கிறது, கவனித்தீர்களா? கையேட்டின் குறைந்தபட்சம் என்பது பழுதுபார்க்க வேண்டிய எல்லைக்கோடு. நலமான எஞ்சின் சூட்டிலும் ஐடிலிங்கில் 1 பாரை ஒட்டி நிற்கும்.

பொது எண்ணைவிட உங்கள் வண்டியின் சொந்த எண்தான் முக்கியம். ஆயில் மாற்றிய வாரத்தில் நான்கு நிலைகளில் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் அழுத்தம் ஏற எத்தனை விநாடி ஆகிறது, அரை மணி நேரம் ஓடிய பின் சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு, விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டரில் எவ்வளவு, வழக்கமான பாரத்தோடு வழக்கமான மேட்டில் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது. மேட்டுக்குத் தொழிற்பேட்டைக் கட்டடங்களின் சுழல்சாய்வுப் பாதை மிகவும் உதவும், ஏனென்றால் அது எப்போதும் ஒரே சரிவு. முதல் மூன்று எண்களையும் ஆயில் மாற்றுவதற்கு முந்திய வாரமும் குறியுங்கள். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, புதியதோடு புதியதையும் பழையதோடு பழையதையும் ஒப்பிட வேண்டும்.

காலையில் எஞ்சினை நிறுத்துமிடத்தில் நெடுநேரம் சூடாக்கிக்கொண்டிருக்காதீர்கள். நின்ற வண்டியில் எஞ்சினை வெறுமனே ஓடவிடுவது இங்கே குற்றம். நீதிமன்றம் வரை போனால் 5,000 வெள்ளி வரை அபராதம். இந்தத் தட்பவெப்பத்தில் அதற்குத் தேவையும் இல்லை. அழுத்தம் ஏறியதும் மெதுவாகக் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால் போதும். டர்போவை ஆறவைக்கிறேன் என்று இறங்குமிடத்தில் நிறுத்தி ஓடவிடுவதற்கும் இதே பதில்தான். விரைவுச்சாலையிலிருந்து இறங்கி உள்தெருவில் நிதானமாக வந்தாலே அது ஆறிவிடும்.

எட்டாம் படி: அலாரத்தின் எல்லை

கடினமான மேட்டில் உங்கள் வண்டி தொடும் உச்சத்துக்கு மேல் 7 அல்லது 8 டிகிரியில் வெப்ப அலாரத்தை வையுங்கள். உச்சம் 92 என்றால் 100இல். அதைவிட நெருக்கமாக வைத்தால் அடிக்கடி கத்தும், ஒரு மாதத்தில் நீங்களே கம்பியைப் பிடுங்கிவிடுவீர்கள். ஆயிலுக்குச் சூடான ஐடிலிங் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு பொருத்தமாக இருக்கும்: 1 பார் என்றால் 0.65 பார்.

ஒன்பதாம் படி: இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பது

உட்லண்ட்ஸ் கடற்பால வரிசையில் ஊரும்போது வெப்பம் ஏறி, ஜொகூர் பக்கம் வேகமெடுத்ததும் இறங்குகிறதா? விசிறியையும், சூட்டுக்கேற்ப அதை வேகமாகச் சுழற்றும் விஸ்கஸ் கிளட்சையும் பாருங்கள். நெரிசலில் நன்றாக இருந்து விரைவுச்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், உள்ளிழுத்துக்கொண்ட கீழ் ஹோஸ் ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழ வேண்டும். முள் மேலும் கீழும் ஆடினால் காற்று புகுந்திருக்கிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்டுக்குள் வருவதும் இப்படித்தான் தெரியும். கூலன்ட் வெப்பம் திடீரென்று விழுந்து ஹெட் வெப்பம் ஏறினால் யோசிக்க ஒன்றுமில்லை, கூலன்ட் போய்விட்டது.

வெப்பம் ஏறும்போது அழுத்தமும் கூடவே இறங்குவது, சூட்டில் ஆயில் நீர்த்துப்போவதால். வெப்பத்தைச் சரிசெய்தால் அழுத்தம் தானாக மீளும். வெப்பம் இயல்பாக இருந்து அழுத்தம் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கினால் டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் மட்டம் குறைந்திருந்தால் காரணம் வெளிப்படை. மட்டம் கூடியிருந்தால்தான் உண்மையான கவலை: இன்ஜெக்டர் அல்லது பம்ப் வழியாக டீசல் கலந்திருக்கலாம், முகர்ந்து பார்த்தாலே தெரியும். பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் மட்டும் அழுத்தம் துடித்தால் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் போதவில்லை.

டி-4டி ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1கேடி, 2கேடி எஞ்சின்களில் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர் காலப்போக்கில் கசியலாம். எரிந்த வாயு வால்வு மூடிக்குள் புகுந்து ஆயிலைத் தாராக்கி, கரித்துகள்களை உண்டாக்கும். அவை சம்ப்பில் இறங்கி, ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது, வெப்பமும் ஏறாது. தெரியும் ஒரே அறிகுறி, காலையில் கிளப்பியதும் அழுத்தம் ஏற வழக்கத்தைவிடக் கூடுதல் விநாடி ஆவது. அந்த விநாடியை ஏழாம் படியில் எழுதச் சொன்னதன் காரணம் இதுதான். இரண்டு விநாடியாக இருந்தது நான்கு, ஐந்து என்று நீண்டால் முதலில் ஃபில்ட்டரை மாற்றிப் பாருங்கள், சில நேரம் ஆயில் பின்னால் வடியாமல் தடுக்கும் அதன் திரும்பாவால்வு கெட்டிருக்கும். மாற்றியும் குறையவில்லை என்றால் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். சல்லடையைக் கழுவிவிட்டு வாஷரை மாற்றாமல் வந்தால் கரி மறுபடியும் சேரும். இரண்டு வேலையும் சேர்ந்துதான் ஒரு பழுதுபார்ப்பு.

பத்தாம் படி: அலாரம் ஒலித்தால்

வெப்ப அலாரமா, ஆயில் அலாரமா என்று முதலில் பிரித்தறியுங்கள். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு.

வெப்பம் என்றால் குளிர்சாதனத்தை அணைத்து, வேகத்தைக் குறைத்து, அடுத்த பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். கூலன்ட் கசியவில்லை, ஆயில் அழுத்தமும் நன்றாக இருக்கிறது என்றால் உடனே அணைக்க வேண்டாம். ஐடிலிங்குக்குச் சற்று மேலே, 1,200 சுற்று அளவில் ஓடவிட்டால் பம்பும் விசிறியும் சூட்டை வெளியேற்றும். இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கத் தொடங்கவில்லை என்றாலோ, நீராவி தெரிந்தாலோ அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறும்வரை தொடாதீர்கள். அரை மணி நேரம் கழித்தும் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். வெந்த ஹெட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும்.

ஆயில் என்றால் ஒதுங்கிய கணமே அணையுங்கள். சென்சார் பொய் சொல்கிறதா என்று எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும் இடம் சாலையோரம் இல்லை. டிப்ஸ்டிக்கைப் பார்த்து, ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு ஒருமுறை கிளப்பலாம், மீட்டர் உடனே ஏற வேண்டும். மட்டம் சரியாக இருந்தும் அழுத்தம் இல்லை என்றால் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் அவசர விளக்கைப் போட்டு, பின்னால் ஆட்கள் இருந்தால் எல்லாரையும் இடப்பக்கமாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்கவையுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி, பழுதான வாகனத்தை அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். அங்கிருந்து பட்டறைக்கு உங்கள் செலவு. காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை போன்ற சுரங்கப்பாதைக்குள் நுழையுமுன் வெப்பம் ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டால், உள்ளே போகாமல் முந்திய வெளிவழியிலேயே இறங்கிவிடுங்கள்.

வண்டியை வேறு ஓட்டுநரிடம் ஒப்படைப்பவர்கள் அலாரம் எப்படி ஒலிக்கும், எந்த ஒலிக்கு எஞ்சினை அணைக்க வேண்டும் என்று அவருக்கு ஒருமுறை ஒலிக்கவிட்டே காட்டுங்கள். பொருட்களை நேரத்துக்குச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, நிறுத்தியதற்காகத் திட்டமாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள். அலாரம் ஒலித்தும் வண்டி நிற்காமல் போவது பெரும்பாலும் முதலாளிக்குப் பயந்துதான்.